அளக்கும்வரை தொடாதீர்கள்

போன மாதம் சுகன்யா என்ற பெண் என் வீட்டுக்கு வந்து, மழையில் வீடு இடிந்தவர்களுக்கு இப்போது எப்படி நிவாரணம் கொடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓய்வு பெற்ற அதே வருவாய்த் துறையில் அவர் இன்று வருவாய் ஆய்வாளர். இடிந்த வீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து அங்கிருந்தே அனுப்பிவிடுகிறார்களாம். பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறதாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு தயாராகிறது, அதில் பழைய ஆட்களின் அனுபவமும் வேண்டும் என்றார். உங்கள் காலத்தில் சேற்றில் நடந்தே போய் வேலை பார்த்திருக்கிறீர்கள், அதை எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே இரண்டு பக்கம் எழுதினேன். சேறு, மொபெட், முழங்கால் தண்ணீர், ஒரு பீடி கூட வாங்காத நேர்மை. திருப்பிப் படித்தபோது எனக்கே கூசியது. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சேற்றில் நடந்து போகாத நாட்கள் சில உண்டு, அவை அதில் இல்லை. கிழித்துப் போட்டேன். இது இரண்டாம் முறை எழுதுவது. கையேட்டில் சேர்ப்பதும் சேர்க்காததும் சுகன்யாவின் விருப்பம்.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு சுவாரசியமும் கிடையாது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து இளநிலை உதவியாளரானேன். தபால் பிரித்தேன், பட்டா மாறுதல் பார்த்தேன், நில அளவைப் பயிற்சியில் சங்கிலி இழுத்துக் கை காய்த்தது. பதினைந்து வருடம் இப்படி ஓடியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வருவாய் ஆய்வாளராகி, கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே ஒரு குறுவட்டத்துக்குப் போனேன். தென்னந்தோப்பும் கரிசல் காடுமான பத்துப் பன்னிரண்டு கிராமங்கள். 'ஆர்.ஐ. சார்' என்று ஜனங்கள் எழுந்து நிற்கும்போது கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை.

எங்கள் தாசில்தார் சாலமோன் சார். கோவை நகரத்தில் மிஷன் பள்ளியில் படித்தவர். தலையாரியைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். யாரையாவது கண்டிக்க வேண்டியிருந்தால் முதலில் அவருக்குக் காபி வரவழைப்பார். அதனால் அவர் அறையில் நமக்குக் காபி வந்தால், என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்கத் தொடங்குவோம். அவருக்கு ஆகாத ஒரே சொல் 'சுமார்'. அறிக்கையில் 'சுமார் எட்டு அடி' என்று இருந்தால் தாளை நம் பக்கமாகத் திருப்பி வைப்பார். எட்டா எட்டே காலா, நீங்கள் பார்த்தீர்களா பார்த்தவர் சொன்னாரா என்று மெதுவாகக் கேட்பார். பச்சை மையில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு அறிக்கையையும் வாய்விட்டுப் படிப்பார், எழுதியவன் எதிரே நிற்க வேண்டும். நாம் எழுதியது நம் காதில் விழும்போது எங்கே பூசி மெழுகியிருக்கிறோம் என்று நமக்கே தெரிந்துவிடும். நான் உருப்படியாக வேலை கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

வீடு இடிந்தால் எங்கள் வேலை மூன்று கட்டம். மழை விட்டதும் நானும் தலையாரியும் ஊர் ஊராகச் சுற்றி, இடிந்த வீடுகளில் நிற்கிற சுவரில் காவிக்கட்டியால் வரிசை எண் போடுவோம். குறுவட்டம் முழுக்க எண் போட்டு முடிந்த பிறகு, நான் டேப்போடு மறுபடி போய், விழுந்தது எத்தனை அடி, நிற்பது எத்தனை அடி என்று அளந்து, முழுச் சேதமா பகுதிச் சேதமா என்று எழுதுவேன். கடைசியில் தாசில்தார் சில வீடுகளைத் தாமே போய்ச் சரிபார்ப்பார். நான் அளந்து முடிக்கும்வரை வீட்டுக்காரர்கள் எதையும் கலைக்கக் கூடாது. விழுந்த ஓட்டைப் பொறுக்கி அடுக்கலாம், நிற்கிற சுவரில் கை வைக்கக் கூடாது. பகுதிச் சேதத்தைவிட முழுச் சேதத்துக்கு நிவாரணம் அதிகம். எங்கேயோ எவனோ ஒருத்தன் நின்ற சுவரைத் தானே தள்ளிவிட்டு முழுச் சேதம் என்று வாங்கிவிட்டானாம். அவன் பெயர், ஊர் எதுவும் எங்களில் யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத அந்த ஒருத்தனை நம்பாமல், கண்ணெதிரே நிற்கிற அத்தனை பேரையும் இடிந்த வீட்டுக்குக் காவல் வைத்தோம். "அளக்கிற வரைக்கும் தொடாதீங்க" என்று நான் எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழைக்கு ஏங்குகிற பூமி. மண்சுவர்கள் பலத்தினால் நிற்கவில்லை, மழை பெய்யாததனால் நின்றுகொண்டிருந்தன. மழை விட்ட மறுநாள் நானும் தலையாரி ஆறுமுகமும் எண் போடக் கிளம்பினோம். தார் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரில் ரங்கசாமி என்பவரின் வீட்டுக்கு வந்தோம். அவர் தோப்புகளில் தேங்காய் உரிக்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவி மருதாத்தாள், கைக்குழந்தையாக ஒரு பெண். மேற்குச் சுவரும் பாதிக் கூரையும் விழுந்திருந்தன. கிழக்குச் சுவர் நடுவில் விரிசலோடு நின்றது. அதில் ஆறுமுகம் பதினாலு என்று எழுதினார்.

ரங்கசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏனுங்க சார், இந்தச் செவுர நானே தள்ளிப்போடறேனுங்க. அரை மணி நேர வேலைங்க. புள்ள தவழ்ந்துட்டுத் திரியுதுங்க."

அளக்கிற வரைக்கும் தொடக் கூடாது என்று என் பாடத்தை ஒப்பித்தேன். அவர் அதற்கும் ஒரு வழி சொன்னார்.

"அப்பப் பகுதின்னே எழுதிக்குங்க சார். எனக்கு முழுசு வேண்டாமுங்க. செவுரு போனாப் போதுமுங்க."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? இன்றைக்கு எண் போடுகிற வேலைதான், அளப்பது அப்புறம், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும் என்றேன். டேப் என் பையில்தான் இருந்தது. எடுத்து அளந்திருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும். முறை மாறிவிடுமே என்று எடுக்கவில்லை.

மருதாத்தாள் அதுவரை பேசவில்லை. நாங்கள் திரும்பும்போது சொன்னார்: "மழைக்கு நின்ன செவுரு வெயிலுக்கு நிக்காதுங்க சார்."

மண்சுவரில் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம் அது. ஊறின மண் ஈரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும், காயும்போதுதான் பிளந்து உட்காரும். எனக்கும் தெரியும், என் தாய்மாமன் கொத்தனார். ஆனால் அன்றைக்கு எனக்குக் கிண்டல் பொங்கிக்கொண்டு வந்தது. "நம்பர் போட்டாச்சு, இனி இது கவர்மெண்ட் செவுரு அம்மணி. கவர்மெண்ட்டைக் கேக்காம உளுகாது" என்றேன். ஆறுமுகம் சிரித்தார். அவர்கள் இருவரும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

மூன்று நாளில் வருவதாகச் சொல்லியிருந்தேன். தார் ரோட்டு ஓரத்து ஊர்களை முதலில் முடித்தேன். அந்த ஊர் பாக்கி. கரிசல் மண் மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது, மொபெட் சக்கரம் சுற்றாது. காயட்டும் என்று விட்டுவிட்டேன். அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, முடிந்த ஊர்களுக்குப் பட்டியல் தயாரித்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, வேறு அவசர வேலையும் இல்லை. தாசில்தார் ஒருமுறை அந்த ஊர் என்னாயிற்று என்று கேட்டதற்கு, பாதை இன்னும் சரியில்லைங்க சார் என்றேன். இத்தனைக்கும் பால்காரர் தினமும் அதே பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டோரத்து டீக்கடையில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மழை விட்ட பதினோராம் நாள் காலை ஆறுமுகம் அலுவலகத்துக்கு வந்தார். பதினாலாம் நம்பர் விழுந்துவிட்டது, ரங்கசாமி அடியில் மாட்டிக்கொண்டார், எடுக்கும்போதே உயிர் இல்லை என்றார். சுவர் ஓரமாக உட்கார்ந்து ஓடு பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் செய்யலாம் என்று சொன்ன வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

பாதை காய்ந்து மொபெட் சுகமாகப் போயிற்று. ரங்கசாமியைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். மழை பெய்த நாளிலிருந்து அவர்கள் குடும்பம் அங்கேதான் படுத்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் உடையாத ஓடுகள் பத்துப் பத்தாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மருதாத்தாள் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"அளக்க வந்தீங்களா சார்?" என்றார்.

அதில் குத்தல் இல்லை. அழுது ஓய்ந்த குரலில், வந்தவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து ஆறுமுகத்திடம் ஒரு முனையைக் கொடுத்து அளக்க ஆரம்பித்தேன். ஊர் ஜனம் பார்த்துக்கொண்டு நின்றது. இன்றுவரை நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சுருங்கும். அன்று மாலையே அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் தாசில்தார் அறையில் எனக்குக் காபி வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். டேப் பையில் இருந்ததையும் சொன்னேன், கிண்டல் செய்ததை மட்டும் சொல்லவில்லை. சாலமோன் சார் திட்டவில்லை. நிவாரண விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மழையால் இறந்தால் குடும்பத்துக்கு உதவி உண்டு. மழை நின்று பதினோரு நாள் கழித்து, பளீரென்ற வெயிலில் இறந்தால் அது மழைச் சாவு ஆகாது, ஒன்றும் கிடையாது. அவர் என் அறிக்கையை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அவர் எந்த நாள் இறந்தாருன்னு நீங்க கண்ணால பார்த்தீங்களாங்க?"

"இல்லைங்க சார். ஆறுமுகம் சொன்னாருங்க."

"அப்ப இதை நான் வாங்கிக்க முடியாதுங்க. மறுபடி விசாரிச்சு எழுதிட்டு வாங்க. மழை பெய்ஞ்ச நாள்ல என்ன நடந்துச்சுன்னு விசாரிங்க."

சுமார் என்ற சொல்லை மன்னிக்காத மனிதர் சொன்னார் இதை. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சோறு வேண்டும் என்று நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். என் வேலையும் பிழைக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். நான் இரண்டாவதை நினைத்துத்தான் தலையாட்டினேன்.

அந்தக் காலத்தில் கிராமத்தில் சுவர் விழுந்து இறந்தால் போலீசுக்குப் போகாமல் அடக்கம் செய்வது நடந்துகொண்டுதான் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரின் சான்று, என் அறிக்கை, மனைவியின் வாக்குமூலம், இரண்டு சாட்சி, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். வாக்குமூலத்தை நானே எழுதி மருதாத்தாளிடம் படித்துக் காட்டினேன். பெய்த மழையில் சுவர் இடிந்து விழுந்து என் கணவர் அன்றே இறந்துவிட்டார் என்று இருந்தது. அவர் கை நாட்டு வைக்காமல் நின்றார்.

"அப்புறம் பதினோரு நாள் உசுரோட இருந்தாருங்களே சார். ஒண்ணாத்தானுங்களே சோறு தின்னோம்."

இப்படி எழுதினால்தான் உதவி கிடைக்கும், பிள்ளைக்கு ஆகட்டும் என்றேன். பிள்ளையைச் சொன்னதும் விரலை நீட்டினார். சாலமோன் சார் வழக்கம்போல முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். நான் எதிரே நின்றேன். அந்தத் தேதி வந்த இடத்தில் அவர் குரல் நிற்காமல் கடந்து போயிற்று. கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எனக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பேசச் சங்கடமாக இருந்தது, அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் மாறுதலாகிப் போனார். இப்போது அவர் இல்லை.

உதவி கிடைத்தது. அதை வைத்து மருதாத்தாள் அதே இடத்தில் ஓர் அறை கட்டினார். வருடா வருடம் பொங்கலுக்கு அலுவலகத்துக்கு ஐந்து தேங்காயோடு வருவார். நீங்கள் செய்த உதவிதான் சார் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். ஒரு பீடி கூட வாங்காதவன் என்று பெருமை பேசினேனே, அந்தத் தேங்காய்களை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று யாராவது கேட்பார்களே என்ற பயம்.

இரண்டு வருடம் கழித்து, நிவாரண முறையையே மாற்றி அமைப்பதற்காக மேலிடத்திலிருந்து ஒரு கேள்விப் படிவம் வந்தது. களத்தில் வேலை பார்க்கிறவர்கள் மனம் திறந்து எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உண்மையாகவே மாற்ற நினைத்துத்தான் கேட்டார்கள். அதில் ஒரு கேள்வி: கணக்கெடுப்பு முடியும்வரை காத்திருந்ததால் யாருக்காவது காயமோ உயிர்ச்சேதமோ நேர்ந்ததுண்டா, உண்டெனில் விவரம் தருக. உண்டு என்று எழுதினால் எந்தக் கோப்பைக் காட்டுவேன்? கோப்பில் ரங்கசாமி காத்திருக்கவே இல்லை, மழையன்றே செத்துப்போயிருந்தார். சுவரைக் காவல் காத்ததால் இந்தக் குறுவட்டத்தில் ஒருவர் இறந்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியத்தை நானே அழித்திருந்தேன். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கேள்வி, சேதமடைந்த வீட்டைக் கலைக்கக் கூடாது என்பதற்கான அரசாணை எண் என்ன என்பது. பீரோவில் தேடினேன். கட்டுக் கட்டாக அவிழ்த்து இரண்டு நாள் தேடினேன். பக்கத்துக் குறுவட்டங்களில் கேட்டேன், ஓய்வு பெற்ற பெரியவர்களைக் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. அப்படி ஓர் ஆணையே கிடையாது. எங்களுக்கு முந்தியவர்கள் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். 'வழக்கத்தில் உள்ளது' என்று நிரப்பி அனுப்பினேன். அதன் பிறகு என் ஊர்களில் 'அளக்கிற வரைக்கும் தொடாதீங்க' என்று சொல்வதை நான் நிறுத்தினேன். மற்ற இடங்களில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். என் தலை தப்பியது போதும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்தச் சுவர் யார் மேல் விழுந்ததோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்ட மறுவாரம் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். மருதாத்தாளுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். அண்மைக் காலம் வரை தேங்காய் நார் மில்லில் வேலை பார்த்திருக்கிறார். மகள் கல்யாணமாகிக் காங்கேயம் பக்கம் இருக்கிறாராம். என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டு, டீ கொடுத்தார். நான் பேச்சை எடுக்கும் முன் அவராகவே, என்னிடம் மட்டும் சொல்லக்கூடியது என்பது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வருடத்தில் இரண்டு நாள் கணவருக்குப் படையல் வைக்கிறாராம். ஒன்று அவர் இறந்த நாள். இன்னொன்று தாளில் எழுதின நாள். பொய் சொல்லிக் கவர்மெண்ட் காசை வாங்கிவிட்டோமே, என்றைக்காவது யாராவது வந்து கேட்பார்களோ என்று இத்தனை வருடமும் பயமாம். காக்கி உடுப்பைப் பார்த்தால் இப்போதும் உள்ளே போய்விடுவாராம்.

பொய் சொன்னது நான், நீங்கள் அல்ல என்றேன். யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டு எழுந்து வந்திருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் அதுவும் இன்னொரு மறைப்பாகப் போய்விடும் என்று தோன்றியது. அதனால் மிச்சத்தையும் சொன்னேன். சுவரைத் தொடக் கூடாது என்று ஒரு சட்டமும் அன்றைக்கு இல்லை, நாங்களாகச் சொன்னது, டேப் அன்று என் பையிலேயே இருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப, இடிச்சிருக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"இடிச்சிருக்கலாமுங்க."

"நீங்க போன பொறவு ரெண்டு தடவை கடப்பாரையத் தூக்கீட்டுப் போனாருங்க. ஆபீசரு வேண்டாம்னு சொல்லியிருக்கறாங்கன்னு நாந்தானுங்க புடுங்கி ஒளிச்சு வெச்சேன்" என்றார்.